இழப்பைத் தாங்கும் துணை அலகுகள்

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியாகக் கொழும்புக் கோட்டைக்குச் செல்வோர், பம்பலப்பிட்டியை அடைந்ததும் அவ்வீதிக்கு இணையாக மற்றொரு வீதி ஓடுவதைக் காண்பர். அதன் பெயர் ஆர். ஏ. டி மெல் மாவத்தை. ஆயினும் டூப்ளிகேஷன் றோட் என்ற பழைய பெயரே இன்றும் பலர் வாயில் வழங்குகிறது. இரட்டிப்பு வீதி என்பது அதன் பொருள். ஒரு வீதி அடைபட்டால் மற்றையது போக்குவரத்தைத் தாங்கும். இரண்டும் அடைபட்டால் பயணம் தடைப்படும். மனித உடலின் கலங்களிலும் இத்தகைய இரட்டிப்பு வழிகள் உண்டு.

கலங்களினுள்ளே இருக்கும் பரம்பரையலகுகள், உடலுக்கு வேண்டிய புரதங்களை ஆக்கும் கட்டளைகளைத் தாங்கி நிற்கின்றன. இவற்றையே ஜீன்கள் என்பர். தலைமுறை தலைமுறையாகப் பிரதி எடுக்கப்படும்போது, சில வேளைகளில் ஓரலகு இருமுறை பதிந்துவிடுகிறது. ஒன்று பழைய தொழிலைத் தொடர, மற்றையது அதற்குத் துணையாக நிற்கவோ புதுத் தொழில் பழகவோ வாய்ப்பு உண்டாகிறது. உயிரினங்களின் கூர்ப்பில் இவ்விரட்டிப்புக்கு உள்ள சிறப்பைச் சுசுமு ஓனோ என்ற அறிஞர் 1970ஆம் ஆண்டில் ஒரு நூலாகவே எழுதி விளக்கினார்.

குருதிக்குச் செந்நிறம் தரும் ஈமோகுளோபின் இதற்குத் தக்க உதாரணம். அது அல்பா, பீற்றா என்னும் இருவகைப் புரதச் சங்கிலிகளால் ஆனது. அல்பாவுக்குரிய அலகு 16ஆம் நிறமூர்த்தத்தில் அடுத்தடுத்து இரண்டாக உள்ளது. தந்தை வழி இரண்டு, தாய் வழி இரண்டு, ஆக நான்கு. ஒன்று அழிந்தால் அழிந்தமையே தெரிவதில்லை. இரண்டு அழிந்தால் செங்குருதிக் கலங்கள் சற்றுச் சிறுக்கும். மூன்று அழிந்தால் குருதிச்சோகை தோன்றும். நான்கும் அழிந்தாலோ, சிசு பெரும்பாலும் பிறக்குமுன்னரே, அன்றிப் பிறந்த உடனே, இறந்துவிடுகிறது.

பீற்றாவுக்குரிய அலகோ தந்தை வழி ஒன்றும் தாய் வழி ஒன்றுமே. ஒன்று பழுதானவர் சுகதேகியாகவே நடமாடுவார். இரண்டும் பழுதான குழந்தையைத் தலசீமியா என்னும் நோய் வாட்டும். நோய் கடுமையானால் சில வாரங்களுக்கொருமுறை குருதி ஏற்றியே அக்குழந்தையைக் காக்க வேண்டும். இலங்கையில் இந்நோய்க்கென்றே குருநாகலில் தனிச் சிகிச்சை நிலையம் இயங்குகிறது.

இங்கே ஒரு விந்தை உண்டு. இந்நோயுள்ள குழந்தை பிறக்கும்போது நலமாகவே தோன்றும். கருவிலிருக்கும்போது பீற்றாவின் தொழிலைக் காமா என்னும் வேறோரலகு செய்வதே காரணம். பிறந்த சில மாதங்களில் காமா ஓய்ந்துவிடுகிறது. அப்பொழுதே நோய் வெளிப்படுகிறது. காமா முற்றாக ஓயாதவர்களிடத்து நோயின் கடுமை குறைகிறது. உறங்கும் இத்துணையை எழுப்பினால் என்ன என்று ஆராய்ந்தனர் விஞ்ஞானிகள். நோயாளியின் என்புமச்சைக் கலங்களைத் திருத்திக் காமாவைத் தொழிற்படச் செய்யும் சிகிச்சை, 2023ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் அங்கீகாரம் பெற்றது.

உயிரைக் காக்கும் இதே ஏற்பாடு, உயிரைக் கொல்லும் புற்றுநோய்க்கும் உதவுகிறது. புற்றுநோய்க் கலங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகும்போது பல பரம்பரையலகுகளை இழக்கின்றன. சில மூளைப் புற்றுநோய்களில் 1ஆம் நிறமூர்த்தத்தின் ஒரு பகுதி அழிந்துபோகிறது. அதனோடு, சர்க்கரையிலிருந்து சக்தி பெறுவதற்கு வேண்டிய ஈனோலேசு என்னும் நொதியத்தின் அலகொன்றும் போய்விடுகிறது. ஆயினும் கலம் மடிவதில்லை. ஈனோலேசுக்குரிய இரண்டாம் அலகு அதனைத் தாங்குகிறது.

ஆனால் அதுவே அக்கலத்தின் பலவீனமும் ஆகும். சுகமான கலத்துக்கு இரு வழிகள். புற்றுநோய்க் கலத்துக்கு எஞ்சியது ஒன்றே. அதை அடைத்தால் நோய்க் கலம் மடியும், சுகமான கலம் பிழைக்கும். இதனை 2012ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் ஆய்வுகூடத்தில் காட்டினர். இதையொத்த தத்துவம் ஏற்கெனவே மருந்தாகவும் பயன்படுகிறது. பரம்பரையலகுகளில் நேரும் பழுதைத் திருத்தும் வழிகளுள் ஒன்றை இழந்த சூலகப் புற்றுநோய்க்கு, மற்றொரு வழியைத் தடுக்கும் ஒலாபரிப் என்னும் மருந்து 2014ஆம் ஆண்டு முதல் வழங்கப்படுகிறது. எனினும் புற்றுநோய் நாளடைவில் வேறு வழி தேடிக்கொள்வதும் உண்டு.

துணையலகு இழப்பைத் தாங்குகிறது. தாங்குவதாலேயே இழப்பை மறைத்தும் விடுகிறது. ஒரு பீற்றா அலகு பழுதானவருக்கு அக்குறை தெரிவதில்லை. அத்தகைய இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கடும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. குருதிப் பரிசோதனையொன்றே அக்குறையை முன்கூட்டி அறிவிக்கும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கலியாணம் பேசும் இல்லங்கள் சாதகப் பொருத்தம் பார்க்கும் அக்கறையோடு இப்பரிசோதனையையும் செய்வித்தால், பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு அதனினும் பெரிய சீதனம் வேறில்லை.