குடத்தின் நான்கு குரல்கள்

வில்லுப்பாட்டில் குடம் அடிக்கும் என் மாமாவை மணிமுத்தாறு வீட்டில் உட்காரவைத்து ஒலிப்பதிவு செய்தேன். மெல்ல, சற்று ஓங்கி, இன்னும் ஓங்கி, முழுப் பலத்தோடு என நான்கு விதம். "ஒரே அடிய எத்தன தடவ அடிக்கச் சொல்லுத மருமவனே?" என்றார்.

நான்கையும், பதிவான ஒலியைக் கீபோர்டில் வாசிக்கவைக்கும் சாம்ப்ளர் மென்பொருளில் அடுக்கினேன். கீபோர்டு கட்டையை நாம் அழுத்தும் வேகத்தை மின்னிசைக் கருவிகளின் மொழியான மிடி 1 முதல் 127 வரை எண்ணாக்கும். அந்த எண்ணைப் பொறுத்து நான்கில் எந்தப் பதிவு ஒலிக்கும் என்பது அமையும். 64-இல் ஒரு பதிவு, 65-இல் வேறு பதிவு என்றால், பேச்சின் நடுவே ஆள் மாறியதுபோல் கேட்கும். எல்லையில் ஒன்றைத் தணித்தபடியே அடுத்ததை ஏற்ற வேண்டும். நடுவில் பாதிக்குப் பாதி வைத்தால் ஒலி தொய்ந்துவிடும். ஒவ்வொன்றும் சுமார் 70 சதவீதம் இருந்தால் பலம் குன்றாது.

குடத்துக்கு அதுவும் போதாது. இரு அடிகளின் தொடக்கம் சில மில்லிசெகண்ட் விலகினாலே அலைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். குடத்தின் வயிற்றொலி மெலியும். அலைவடிவத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு அடியையும் கையால் நகர்த்திச் சேர்த்தேன். கலக்கும் பகுதியையும் குறுக்கினேன். வயலினுக்கு அகலமான கலவை அழகு. தாளக்கருவியில் அது இரட்டை அடியாகிவிடும்.

மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல இடிக்கிடே." அந்த எல்லையைத் திரும்பத் திறந்து வைத்திருக்கிறேன்.