பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்



சீட்டுப் பணத்தில், இணையத்தின் ஊடாக ஒரு தையல் இயந்திரம் வாங்கினேன். பொதியைப் பிரித்துப் பார்த்தால் சக்கரம் சுழலவில்லை. விற்றவரோ திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். தைத்துத் தருவதாக ஏற்றிருந்த பாடசாலைச் சீருடைகள் அப்படியே கிடந்தன. அழுதுகொண்டிருந்த என்னை, "எழுதிப் போடு பிள்ளை" என்று தேற்றினார் பக்கத்து வீட்டு அக்கா.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, பொருளை வாங்கி 3 மாதங்களுக்குள் எழுத்துமூலம் முறையிடலாம். 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் விபரம் கேட்கலாம். பற்றுச்சீட்டின் பிரதி, குறுஞ்செய்திகள், படங்கள் அனைத்தையும் இணைத்து முறைப்பாட்டை அனுப்பினேன். அதன் பிரதி கைக்குக் கிடைத்ததும் விற்றவர் இயந்திரத்தை மாற்றித் தந்தார்.

போரின்பின் நிவாரண வரிசையில் நின்றே பழகிய நான், உரிமையென்று ஒன்றைக் கேட்டது அன்றுதான்.