கழித்துப் போட்ட குஞ்சுகள்

சேவலும் நீலம், பெட்டையும் நீலம். ஆனால் பொரிக்கும் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதிதான் நீலம். மீதியில் ஒரு பங்கு கன்னங்கரேல் என்றிருக்கும். இன்னொரு பங்கு, பேனாவை உதறிய வெள்ளைச் சட்டை மாதிரி திட்டுத்திட்டாக இருக்கும். 'ஆண்டலூசியன்' கோழி வளர்த்தவர்களுக்கு இது ஓயாத தலைவலி. ஸ்பெயினின் ஒரு பகுதியுடைய பெயரைத் தாங்கினாலும், இங்கிலாந்துக் கண்காட்சிகளில் பேர் வாங்கிய இனம் அது. சாம்பல் கலந்த நீல இறகு, ஒவ்வோர் இறகின் ஓரத்திலும் கருங்கரை. அந்த அழகுக்காக நீலத்தை நீலத்தோடே சேர்த்தார்கள். கறுப்பையும் திட்டையும் கழித்தார்கள். அடுத்த ஈட்டிலும் அதே கதைதான்.

முடிச்சு அவிழ்ந்தது கேம்பிரிட்ஜில். பட்டாணிச் செடிகளை வைத்து மெண்டல் கண்ட விதிகள் 1900இல் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தன. அவை விலங்குகளுக்கும் பொருந்தும் என்று உயிரியலாளர் வில்லியம் பேட்சன் 1902இல் கோழிக் கொண்டையை வைத்தே காட்டினார். பிறகு அவரும் ரெஜினால்ட் பன்னெட்டும் ஆண்டலூசியனையும் விட்டுவைக்கவில்லை.

குஞ்சு பெரும்பாலான மரபணுக்களில் தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி பெறுகிறது. இங்கே சங்கதி, கறுப்பை வெளிறச் செய்யும் ஒரு மரபணு. அதன் ஒரு பிரதி வந்தால் கறுப்பு நீலமாகிறது. இரண்டும் வந்தால் வெள்ளையில் திட்டு. ஒன்றும் வராவிட்டால் கறுப்பு. ஆக நீலக்கோழி என்பதே பாதிக்குப் பாதி. நீலத்தோடு நீலம் சேர்ந்தால் நூற்றுக்குச் சுமார் 25 கறுப்பு, 50 நீலம், 25 திட்டு. எத்தனை தலைமுறை கழித்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

கறுப்பையும் திட்டையும் ஜோடி சேர்த்தாலோ குஞ்சுகள் அத்தனையும் நீலம்! வேண்டாம் என்று கழித்துப்போட்ட இரண்டும்தான், நீல ஜோடியால் முடியாததைச் செய்தன. கண்காட்சி நடுவர்கள் 'தூய இனம்' என்று கேட்டது, தூய்மையாக நிலைக்கவே முடியாத ஒரு நிறத்தை.

நீலம் கிடைத்ததோடு வேலை முடிந்துவிடாது. இறகில் கறுப்பு நிறமி, செந்நிறமி என இரண்டு உண்டு. இந்த மரபணுவின் பிடி பெரும்பாலும் கறுப்பின் மீதுதான். உள்ளே கொஞ்சம் சிவப்பு ஒளிந்திருந்தால் சேவலின் கழுத்திலும் முதுகிலும் துருப்பிடித்ததுபோல எட்டிப்பார்க்கும். பெட்டையில் பல சமயம் அது தெரியாது. அப்பழுக்கில்லாத பெட்டை என்று காசு கொடுத்து வாங்கியவர், அதன் ஆண்குஞ்சுகள் வளர்ந்து இறகு மாற்றும்வரை காத்திருந்துதான் உண்மையை அறிய வேண்டும்.

வெள்ளை இன்னும் கள்ளம். லெகார்ன் கோழியின் வெள்ளை ஓங்கு பண்பு. ஒரு பிரதியே கறுப்பை அடக்கிவிடும். வெள்ளை வயண்டாட் கோழியின் வெள்ளை ஒடுங்கு பண்பு. இரண்டு பிரதி வேண்டும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் கலந்தால் வெள்ளைக் குஞ்சுகள் வரும். அவற்றைத் தமக்குள் சேர்த்தால், அடுத்த தலைமுறையில் 16க்கு 3 என்ற கணக்கில் நிறக்கோழிகள் முளைக்கும்.

பட்டை போட்ட பிளிமத் ராக் கோழி வேறு விதமாகப் படுத்துகிறது. வெள்ளைப் பட்டைக்கான மரபணு இசட் என்னும் பாலினக் குரோமோசோமில் இருக்கிறது. சேவலுக்கு இசட் இரண்டு, பெட்டைக்கு ஒன்று. அதனால் ஒரே கூண்டில் பிறந்தாலும் அண்ணன் வெளிறியும் தங்கை கறுத்தும் இருப்பார்கள். கண்காட்சியிலோ இருவரும் ஒரே சாயலில் நிற்க வேண்டும். வளர்ப்பாளர்கள் சேவலுக்கு ஒரு வம்சம், பெட்டைக்கு ஒரு வம்சம் என்று தனித்தனிக் கூண்டு வைத்தார்கள். சேவல் வம்சத்தில் பிறந்த பெட்டைகள் எவ்வளவு திடமாக இருந்தாலும் கண்காட்சி மேடை ஏறாமல் கூண்டிலேயே முட்டையிட்டன.