சைரன் அடிச்சா கிரவுண்டைக் காலி பண்ணு!

வெயில் இறங்கினதும் ஊரே கிரவுண்டுக்கு வந்துடுது. ஒரு பக்கம் வாலிபால், இன்னொரு பக்கம் ஃபுட்பால், நடுவுல பைக்கில் ரவுண்டு அடிக்கிற பசங்க, ஓரமா உட்கார்ந்து ஊர்க்கதை பேசுற பெரியவங்க. புழுக்கமான ராத்திரிகளில் பாயோடு வந்து காத்தாடப் படுத்துத் தூங்குறவங்களும் உண்டு. 'இதுல என்னப்பா அதிசயம்?'னு கேக்குறீங்களா... அந்த கிரவுண்டு, ஒரு இன்டர்நேஷனல் ஏர்போர்ட்டோட ரன்வே!

நிஜம்தாங்க. ஊர், ஃபுனாஃபுட்டி. பசிபிக் கடலில் இருக்கும் துவாலு என்ற குட்டி நாட்டின் தலைநகர். ஒவ்வொரு ஏர்போர்ட்டுக்கும் மூணெழுத்துக் குறியீடு உண்டே... சென்னைக்கு எம்.ஏ.ஏ. மாதிரி. இந்த ஏர்போர்ட்டுக்கு என்ன தெரியுமா? எஃப்.யூ.என். அதாவது, 'ஃபன்'!

ஃபிஜி நாட்டிலிருந்து வாரத்துக்குச் சில விமானங்கள்தான் வரும். ப்ளேன் நெருங்கும்போது சைரன் அலறும். பந்தைத் தூக்கிட்டு எல்லாரும் ஓரம் போயிடுவாங்க. ப்ளேன் இறங்கி, ஆளை ஏத்திக்கிட்டுக் கிளம்பின பிறகு... ஆட்டம் கன்டினியூ!

ரன்வேல ஏன் ஆடணும்?

வேற இடம் இல்லை, அதான்! ஒன்பது தீவுகளையும் சேர்த்தே துவாலுவின் நிலப்பரப்பு 26 சதுர கிலோமீட்டர்தான். 2017 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 10,600. அதில் பாதிக்கும் மேல் ஃபுனாஃபுட்டியில். தலைநகரின் முக்கியத் தீவான ஃபோங்காஃபாலே ஒரு ரிப்பன் மாதிரி. நீளம் 12 கிலோமீட்டர் வாக்கில். அகலமான இடத்திலேயே 400 மீட்டர் தேறினால் அதிகம். குறுகலான இடங்களில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் காயல், அந்தப் பக்கம் பெருங்கடல்.

இருக்கிறதிலேயே அகலமான அந்த இடத்தில்தான் ரன்வே படுத்திருக்கு. இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1943-ல் அமெரிக்கக் கடற்படை போட்டது. நீளம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர். அதற்காகத் தென்னைகளை வெட்டினாங்க, பயிர்க்குழிகளை மூடினாங்க. ரன்வேக்குத் தேவையான பவளக்கல்லைத் தீவிலேயே தோண்டி எடுத்தாங்க. தோண்டின பள்ளங்களை அப்படியே விட்டுட்டுப் போக, அது குட்டையாகி, குப்பைமேடாகி, ஜனங்க அதுக்கு மேலேயும் வீடு கட்டிக் குடியிருந்தாங்க. 2015-ல்தான் நியூசிலாந்து உதவியோடு பள்ளங்களை நிரப்பினாங்க. 70 வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒரு பள்ளத்தை மூட!

போனா என்ன கிடைக்கும்?

உலகத்திலேயே சுற்றுலாப் பயணிகள் ரொம்பக் குறைவா வர்ற நாடுகளில் இதுவும் ஒண்ணு. அதனால ஷாப்பிங் மால், பீச் ரிசார்ட்டுன்னு கனவு காணாதீங்க. சின்ன ஹோட்டல், சில விருந்தினர் விடுதிகள், அவ்வளவுதான். ஊர் சுத்த வாடகைக்கு பைக் எடுத்தா போதும், முழுத் தீவையும் ஒரே நாளில் பார்த்துடலாம். படகு ஏறினால், காயலுக்கு மேற்கே 33 சதுர கிலோமீட்டர் பாதுகாக்கப்பட்ட கடல் பகுதி இருக்கு. ஆள் இல்லாத குட்டித் தீவுகள், ஆமை, கடல் பறவைகள்... செம சீன்!

செலவுக்கு ஆஸ்திரேலிய டாலர். அதைக் கட்டாக் கையிலேயே கொண்டு போகணும்கிறதுதான் ரொம்ப நாள் நிலைமை. நாட்டின் முதல் ஏ.டி.எம். வந்ததே 2025 ஏப்ரலில்தான். திறப்பு விழாவுக்குப் பிரதமரே வந்தாருன்னா பாத்துக்கோங்க! நமக்குத் தெருமுனை பெட்டி, அவங்களுக்கு அது தேசியத் திருவிழா.

ஆனா இன்னொரு கூத்து இருக்கு. இணையத்தில் 'டாட் டிவி'ன்னு முடியுற முகவரிகள் பார்த்திருப்பீங்க. அந்த 'டிவி' துவாலுவின் சொத்து. அதை வாடகைக்கு விட்ட காசு கையில் இருந்ததால்தான், 2000-ல் ஐ.நா. சபையில் உறுப்பினராகிற செலவையே இவங்களால் சமாளிக்க முடிஞ்சது. ஏ.டி.எம். இல்லாத ஊர், இன்டர்நெட்டில் சம்பாதிச்சிருக்கு!

ஆறு இல்லை, குளம் இல்லை

ரூமில் குழாயைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடும் பார்ட்டியா நீங்க? கொஞ்சம் அடக்கி வாசிங்க. இங்கே ஆறும் கிடையாது, ஓடையும் கிடையாது. காரணம், தரை முழுக்கப் பவளம். பவளத் தீவு உருவாவது பற்றி டார்வின் சொன்னது சரியான்னு சோதிக்க, 1896 முதல் 1898 வரை லண்டன் ராயல் சொசைட்டி இங்கேதான் துளை போட்டுப் பார்த்தது. 340 மீட்டர் போயும் எரிமலைப் பாறை தட்டுப்படவில்லை. வந்ததெல்லாம் பவளச் சுண்ணாம்புதான். பெய்யும் மழை அப்படியே உள்ளே இறங்கிடும். அதனால் கூரையில் விழுற மழைதான் வீட்டுத் தொட்டிக்கு, தொட்டிதான் குடிக்க, குளிக்க. 2011-ல் மழை பொய்த்து அவசரநிலை அறிவிச்சப்ப, ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர். ரெண்டு பக்கெட்!

சாப்பாட்டுக்கு மீன், தேங்காய், இறக்குமதி அரிசி. அப்புறம் 'புலாகா'. நம்ம சேப்பங்கிழங்குக்குச் சொந்தக்காரக் கிழங்கு. குழி தோண்டி, அடியில் தேங்கும் நல்ல தண்ணியில் வளர்க்கிறாங்க. தென்னம்பாளையைச் சீவி இறக்கும் பதநீரும் உண்டு. இப்போ பிரச்னை என்னன்னா, கடல் ஏறும்போது தண்ணி கரையைத் தாண்டி மட்டும் வர்றதில்லை. பவளம் சல்லடை மாதிரி இருக்கிறதால தரைக்கு அடியிலிருந்தே ஊறி மேல வருது. சுவர் கட்டித் தடுத்துடலாம்னு நினைக்கிற சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்களே, யோசிங்க! கிழங்குக் குழியில் உப்பு ஏறினால் பயிர் காலி.

அதனால்தான் நிலத்தையே உயர்த்தப் பார்க்கிறாங்க. காயல் மணலை அள்ளிக் கொட்டி, 780 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலத்தில் புது நிலம் உருவாக்கி, 2023-ல் அந்த வேலை முடிஞ்சது. 2100-க்குப் பிறகும் கடல் மட்டத்துக்கு மேலே நிக்கணும்கிறதுதான் கணக்கு.

நம்ம வயசுக்காரங்க என்ன செய்வாங்க?

2021-ல் அமைச்சர் சைமன் கோஃபே முழங்கால் அளவு கடல் நீரில் நின்று, பருவநிலை மாநாட்டுக்குப் பேசின வீடியோ உலகம் முழுக்கப் போச்சு. 2024-ல் ஆஸ்திரேலியாவுடன் ஒரு ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. பெயர் 'ஃபாலேபிலி'. அக்கம்பக்கத்தாரைப் பரிவோடு பார்த்துக்கொள்வதைக் குறிக்கும் துவாலு மொழிச் சொல். வருஷத்துக்கு 280 பேர் ஆஸ்திரேலியா போய் வாழலாம், படிக்கலாம், வேலை பார்க்கலாம். கடல் எவ்வளவு ஏறினாலும் துவாலு ஒரு நாடாகவே தொடரும் என்பதையும் அது ஒப்புக்கொள்கிறது. 2025-ல் முதல் குலுக்கலுக்குப் பதிவு செய்தவர்கள், குடும்பத்தினரையும் சேர்த்து, 8,750 பேர். மொத்த ஜனத்தொகையை இன்னொரு தடவை மேலே போய்ப் பார்த்துட்டு வாங்க...

பதிவு செய்த எல்லாருமே ஊர் பிடிக்காமல் ஓடுறவங்கன்னு சொல்லிட முடியாது. காலேஜுக்காக ஊரைவிட்டு ஹாஸ்டலுக்கு வந்த நமக்கு அது புரியும். ஆனா லீவு விட்டா பஸ் ஏறிப் போக நமக்கு ஒரு ஊர் இருக்கு. அவங்களுக்கும் அது இருக்கணும்.

சைரன் அடிச்சா ரன்வேயைவிட்டு எல்லாரும் விலகுறாங்க. ப்ளேன் போனதும் திரும்பி வந்து பந்தை எடுக்கிறாங்க. அந்த 'திரும்பி வர்றது' மட்டும் என்னிக்கும் நிக்கக் கூடாது மக்களே!