7 முறை இத்தாலி சாம்பியன்... இப்போ 3-வது டிவிஷன்! ப்ரோ வெர்செல்லி அணிக்கு என்ன ஆச்சு?

ரோமா, லாசியோ ரெண்டு அணியும் சேர்ந்து இதுவரை ஜெயித்த லீக் பட்டங்கள் 5. ஆனால், நெல் வயல்கள் சூழ்ந்த வெர்செல்லி என்ற சின்ன நகரத்தின் ப்ரோ வெர்செல்லி மட்டும் 7 பட்டம் வாங்கியிருக்கு! எல்லாமே 1908 முதல் 1922-க்குள்.

எட்டாவதும் கிடைத்திருக்கலாம். 1910-ல் இன்டர் அணியுடன் புள்ளிகள் சமம். பட்டத்தை முடிவு செய்யும் போட்டியன்று வெர்செல்லி வீரர்கள் சிலர் ராணுவப் போட்டி ஒன்றில் ஆட வேண்டியிருந்தது. தேதியை மாற்றக் கேட்டும் சம்மேளனம் மறுத்தது. கோபத்தில் சிறுவர்களைக் களமிறக்கியது கிளப். 10-3 என தோல்வி!

அணியை உண்மையில் சாய்ச்சது பணம்தான். 1923-ல் ஃபியட் குடும்பத்தின் எடோர்டோ அக்னெல்லி யுவென்டஸ் தலைவரானார். அதே ஆண்டு வெர்செல்லியின் தடுப்பாட்டக்காரர் ரோசெட்டாவை யுவென்டஸ் இழுத்துக்கொண்டது. 1934-ல் சில்வியோ பியோலாவும் லாசியோவுக்குப் போனார். சீரி ஏ-வில் 274 கோல் அடித்தவர். அந்தச் சாதனையை இன்னும் யாரும் முறியடிக்கல. அவர் போன அடுத்த சீசனிலேயே அணி கீழே இறங்கியது. அப்புறம் சீரி ஏ பக்கம் வரவே இல்லை.

64 வருஷம் கழித்து 2012-ல் சீரி பி-க்கு ஏறியது. 2018-ல் மறுபடி சீரி சி. அணியின் சொந்த மைதானத்துக்கு இப்போ சில்வியோ பியோலா பெயர்தான்.