லிஃப்ட் போட்டாலும் உரசும் டயர்

“அண்ணா, ரெண்டு இஞ்ச் லிஃப்ட் போட்டுட்டா உரசறது நின்னுருமுங்களா?”

பெரிய டயர் மாட்டிய வண்டியோடு என் பட்டறைக்கு வருகிறவர்கள் இறங்கியதும் கேட்பது இதைத்தான். கோயம்புத்தூரில் சஸ்பென்ஷன், அலைன்மென்ட் வேலைதான் எனக்குப் பல வருடங்களாகச் சோறு போடுகிறது. ஃபார்ச்சூனர், தார், ஸ்கார்ப்பியோ, எது வந்தாலும் கேள்வி மாறுவதில்லை. வண்டியைத் தூக்கிவிட்டால் டயருக்கு இடம் கிடைத்துவிடும் என்று நம்புகிறார்கள். நிற்கிற வண்டிக்கு அது சரி. ஓடுகிற வண்டிக்குச் சரியில்லை.

லிஃப்ட் என்பது ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் வைத்தோ, உயரமான ஸ்பிரிங் போட்டோ பாடியை மேலே நிறுத்துவது. பெரிய பள்ளத்தில் இறங்கும்போது சஸ்பென்ஷன் அமுங்கிக்கொண்டே போய், கடைசியில் பம்ப் ஸ்டாப் ரப்பரில் முட்டி நிற்கும். லிஃப்ட் போட்டபோது அந்த ரப்பரை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஆகவே சக்கரம் மேலே ஏறும் கடைசி எல்லை பழைய எல்லையேதான். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது டயர் முன்னும் பின்னும் சுழல்கிறதே, அந்த வட்டமும் லிஃப்ட்டால் சுருங்காது.

போன மழைக்காலத்தில் வந்த ஒரு ஃபார்ச்சூனரைச் சொல்கிறேன். ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங் முழுதாக ஒடிகிறது, அதே நேரத்தில் வெளிப்பக்க சஸ்பென்ஷன் அமுங்குகிறது. டயர் உரசுவதற்கு இதைவிடத் தோதான சாலை கிடையாது. அந்த ஃபார்ச்சூனரை ஓட்டிப்போன தம்பி பாதி மலையிலேயே திரும்பிவிட்டார். லிஃப்ட் ஏற்கெனவே போட்டிருந்தது.

அந்த வண்டிக்கு கம்பெனி கொடுத்த அளவு 265/65 ஆர்17. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. மூன்றாவது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் டயரின் மொத்த விட்டம் 776 மி.மீ. அவர் மாட்டியிருந்தது 285/70 ஆர்17. அது 831 மி.மீ. விட்டத்தில் 55 கூடினால் மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் 27 மி.மீ. கூடுகிறது. மேலே மட்டுமில்லை, முன்னால் பம்பர் பக்கமும் பின்னால் மட்ஃபிளாப் பக்கமும்தான்.

ஆனால் அவருடைய வண்டியில் பாதித் தொல்லை டயரால் வரவில்லை, ரிம்மால் வந்தது. இதை யாருமே யோசிப்பதில்லை. ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். கம்பெனி ரிம் ஏழரை அங்குல அகலம், ஆஃப்செட் +30. அவருக்கு ஒரு கடையில் ஒன்பது அங்குல அகலத்தில் பூஜ்ய ஆஃப்செட் அலாய் விற்றிருந்தார்கள். அகலம் கூடியதில் 19, ஆஃப்செட் குறைந்ததில் 30, ஆக ரிம்மின் வெளி விளிம்பு 49 மி.மீ. வெளியே வந்துவிட்டது. பார்க்க மிரட்டலாகத்தான் இருந்தது. ஆனால் டயர் எவ்வளவு வெளியே தள்ளி நிற்கிறதோ, ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அவ்வளவு பெரிய வளைவில் அது வீசிப் போகிறது. அப்படிப் போய்த்தான் பம்பரின் கீழ் ஓரத்தையும், பின்னால் சேசிஸில் பாடியைத் தாங்கும் பிராக்கெட்டையும் தொட்டது. வீல் பேரிங்குக்கும் பால் ஜாயின்ட்டுக்கும் விழும் கூடுதல் பாரம் தனி.

உரசல் என்று வந்தால் நான் முதலில் ஸ்பேனரை எடுப்பதில்லை, டார்ச்சையும் சாக்பீஸையும்தான் எடுக்கிறேன். டயரின் தோள்களில் சாக்பீஸ் பூசி, இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, முன்னுக்கும் ரிவர்ஸிலும் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு சக்கரத்தை மட்டும் மேட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். கடைசியாக, பின்சீட்டு நிறைய ஆட்களை உட்கார வைத்து ஓட்ட வேண்டும். வெள்ளை எங்கே ஒட்டியிருக்கிறது, எங்கே பிளாஸ்டிக் தேய்ந்து பளபளக்கிறது என்று பார்த்தால் நோய் தெரிந்துவிடும். உள்பக்கம் பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் கட்டாயம் பாருங்கள். பிளாஸ்டிக்கில் பட்டால் சத்தம் வரும், அவ்வளவுதான். இரும்பு விளிம்பில் டயரின் பக்கச்சுவர் பட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாக அறுபட்டு, வேகத்தில் போகும்போது வெடிக்கும். பிரேக் ஹோஸ் அறுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

லேசாகத் தொடுகிற வண்டிக்குப் பெரிய செலவு தேவைப்படாது. மட்ஃபிளாப்பைக் கொஞ்சம் நறுக்கினாலோ பின்னுக்குத் தள்ளி மாட்டினாலோ பல வண்டிகளில் வேலை முடிந்துவிடும். சக்கரக் குழியின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரை ஹீட் கன்னால் இளக்கி, அழுத்திப் பிடித்து, ஈரத்துணியால் ஆறவைத்தால் ஒரு விரல் அகலம் இடம் கிடைக்கும். அதற்கு முன் லைனரைக் கழற்றி, பின்னால் வாஷர் டேங்கோ ஒயர் கட்டோ இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது அலைன்மென்ட். முன் சக்கரம் பின்பக்கமாகப் போய்த் தொட்டால், கீழ் ஆர்மில் உள்ள கேம் போல்ட்டுகளைத் திருப்பி கேஸ்டரை, அதாவது ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணத்தை, கூட்டலாம். சக்கரம் சில மில்லிமீட்டர் முன்னால் நகரும். லிஃப்ட் போட்ட வண்டியில் கேஸ்டர் பெரும்பாலும் குறைந்திருக்கும். அதைச் சரி செய்யாமலே வெளியே அனுப்பிவிடுகிறார்கள், ஸ்டியரிங் அலைகிறது, உரசலும் கூடுகிறது. சஸ்பென்ஷன் அமுங்கும்போது மேலே தொட்டால் பம்ப் ஸ்டாப்புக்குக் கீழே ஸ்பேசர் வைத்து ஓட்டத்தைக் குறைக்கலாம். பள்ளங்களில் வண்டி கொஞ்சம் கடினமாக அடிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வீல் ஸ்பேசர் போடச் சொல்லி நிறையப் பேர் கேட்கிறார்கள். உள்பக்கம் ஆர்மில் உரசினால் மட்டுமே அது உதவும். வெளிப்பக்கம் உரசுகிற வண்டிக்கு ஸ்பேசர் போட்டால் உரசல் கூடத்தான் செய்யும்.

பாடியைத் தாங்கும் பிராக்கெட்டை வெட்டி, தகடு வைத்து வெல்டிங் அடித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை. ஒரு குடும்பம் உட்கார்ந்து போகிற வண்டியின் எலும்பு அது. சட்டமும் இடம் கொடுப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. டயர் வாங்கும் முன்பே, ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்துவிட வேண்டும் என்று நான் நச்சரிப்பது இதனால்தான். விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் டயரையும் பார்ப்பார்.

அந்தத் தம்பியிடம் எல்லாவற்றையும் விரித்துச் சொன்னேன். “வால்பாறைக்குப் போகணும்ணா, ஷோவுக்கு இல்லை” என்றார். ரிம்மையும் டயரையும் ஒரே செட்டாக விற்றுவிட்டு, கம்பெனி ரிம்மில் 265/70 ஆர்17 போட்டுக்கொண்டார். அதன் விட்டம் 803 மி.மீ.; மையத்திலிருந்து 13 மி.மீ.தான் அதிகம். மட்ஃபிளாப்பை ஓரமாக நறுக்கி, கேஸ்டரைச் சரி செய்தோம். ஆள் ஏற்றி ஓட்டிப் பார்த்ததில் சாக்பீஸ் எங்கும் ஒட்டவில்லை. ஸ்டிக்கரில் இந்த அளவும் இல்லை என்பதைச் சொல்லித்தான் வேலையைத் தொடங்கினேன்.

ஸ்பீடோமீட்டரைப் பற்றியும் சொல்லி அனுப்பினேன். 831 மி.மீ. டயரில், முன்பு 100 காட்டிய முள் இப்போதும் 100 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 107-இல் போய்க்கொண்டிருக்கும். 803-இல் அந்த வித்தியாசம் மூன்றரைதான். கனமான டயர் பிரேக்கில் நிற்க அதிக தூரம் எடுக்கும் என்பதையும் மலையில் இறங்கும்போது நினைவில் வைக்க வேண்டும்.

ஃபார்ச்சூனரில் ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் தொங்குகிறது. அதையும் புது அளவுக்கு மாற்றி, அந்த இடத்தில் சரியாக ஏறி உட்காருகிறதா என்று பட்டறையிலேயே பார்த்துக்கொண்டோம். பழைய அளவு டயரை ஒரு பக்கம் மட்டும் பின்னால் மாட்டிக்கொண்டு ஓட்டினால், நேர் சாலையிலும் டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைக்கும். அந்த நிலையில் ஃபோர் வீலைப் போடவே கூடாது.