மாலை வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பும் முன்...
கீழக்கரை, பெரியபட்டினம், பாம்பன் என நம் கடற்கரை ஊர்களில் பள்ளி விட்டதும் பிள்ளைகள் மக்தபுக்கும் டியூஷனுக்கும் விளையாட்டுப் பயிற்சிக்கும் போகிறார்கள். கட்டணத்தைக் கேட்கும் நாம், கவனிப்பைக் கேட்பதில்லை.

எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர்? 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ மாலை வகுப்புகளில், சுமார் 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர் என்பதே கணக்காக இருந்தது. அதையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்க முடியுமா? பிள்ளை வராவிட்டால் தகவல் வருமா? முடிந்ததும் யாரிடம் ஒப்படைப்பார்கள்? தந்தை வளைகுடாவில் இருந்தால், அழைத்துச் செல்பவர் யார் என்று எழுதிக் கொடுங்கள்.

பிள்ளை திடீரெனப் போக மறுத்தால் அதட்டாமல் காரணம் கேளுங்கள். தவறு நடந்திருந்தால் 1098-ஐ அழையுங்கள். பாலியல் குற்றத்தை அறிந்தும் மறைப்பது 2012 போக்சோ சட்டப்படி குற்றம். பிள்ளைகள் அமானிதம், ஊர்ப் பெயரைவிடப் பெரியவர்கள்.